கருப்பையாவின் குடல்வால்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அப்பாவும் கராமா கடைத்தெருவுக்குப் பெட்டி வாங்கப் போயிருக்கிறீர்கள். அப்பா எல்லாக் கடையிலும் ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் பார்த்த கடைக்கே திரும்பி வருவார் என்பதால் எனக்கு எழுத நிறைய நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை, கட்டடமே தூங்குகிறது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. உன் அமெரிக்க வேலை உறுதியான நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கீழே மளிகைக்கடைச் சேட்டனிடம் சொன்னேன். லிஃப்டில் பார்த்த பாகிஸ்தானி அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் சொன்னேன். அவர் காலி கேனைக் கேட்டார். என் பிள்ளை அமெரிக்காவில், கோட் போட்டுக்கொண்டு, பெரிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்பதை நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

நீ இந்த வளைகுடா நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். இங்கிலீஷில் எழுதினால் கண்ணை ஓட்டிவிட்டு 'ஓகேம்மா' என்று சொல்லிவிடுவாய். மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குக் கிளம்புவதற்குள் முழுவதையும் படித்துவிடு. ஏன் அதற்குள் என்பது கடைசியில் தெரியும்.

புதன்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையை விளக்கினாய், நினைவிருக்கிறதா? ஒரு நோயாளிக்கு இந்தச் சிகிச்சை செய்யலாமா, பணம் தருவீர்களா என்று மருத்துவமனை கேட்டால், முன்பெல்லாம் கம்பெனியில் ஒரு நர்ஸோ டாக்டரோ உட்கார்ந்து படித்துப் பார்த்துப் பதில் சொல்ல நாள் கணக்காகும். இனி உங்கள் சாஃப்ட்வேர் கண் மூடித் திறப்பதற்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும் என்றாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்ரூவலுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அதில் வரும் பாட்டையே கேட்டுக் கேட்டு வாழ்க்கையில் பாதியைக் கழித்தவள் நான். நீ செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உன் மேனேஜரைவிட எனக்குத் தெரியும். அப்புறம் நீ இன்னொன்று சொன்னாய். இப்போது உள்ள திரையின் மூலையில், கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்ன பிறகும் ஒரு ஆளோடு பேசுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம். "எல்லாரும் அதைத்தான்மா அமுக்குறாங்க. மிஸ்யூஸ் பண்றாங்க. அதை எடுக்கிறதுதான் அங்க போய் என்னோட ஃபர்ஸ்ட் வேலை" என்றாய். அப்பா உனக்கு இன்னொரு தோசை வைத்தார். நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை. சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்; சந்தோஷம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது என்று உனக்குத் தெரியாதா என்ன.

போன வருஷம் இரண்டு மாதம் அமெரிக்கா போய்வந்தபோது நீ சொன்ன கதை ஒன்றை நான் மறக்கவே இல்லை. உன் ஆபீஸ்காரர் ஒருவருடைய மனைவி படியில் விழுந்து கணுக்கால் முறிந்துபோக, ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள், அந்த பில்லைக் கட்ட முடியாது என்று அழுது, டாக்சி பிடித்துப் போனாராம். அவருடைய காப்பீடு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எதில் செல்லாது என்று கால் வீங்க வீங்கப் போனில் விசாரித்தார்களாம். இன்னொருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறார் என்றாய். உலகத்திலேயே பெரிய டாக்டர்களும் பெரிய மெஷின்களும் இருக்கும் ஊரில், வீடும் காரும் உள்ளவர்கள், இங்கே அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் ஆள்கள் செய்வதையே செய்கிறார்கள் என்று கேட்டு நான் வாயைப் பிளந்தேன். நம் கேம்ப் ஆள்களும் ஆம்புலன்ஸைப் பார்த்தால் ஓடுவார்கள், மாத்திரையை உடைப்பார்கள். அவர்கள் செய்கிற இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

நான் அல் கூஸில் அந்தச் சின்னத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். காப்பீட்டு மேசை என்னுடையது. வியாதிக்கு ஒரு எண், வைத்தியத்துக்கு ஒரு எண் என்று தடித்தடியான புத்தகங்கள் இருக்கும். எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த முறை. அந்த எண்களைப் போட்டு அனுப்பி, காப்பீட்டுக் கம்பெனியிடம் அனுமதி வாங்குவதுதான் என் வேலை. அந்த மேசையிலிருந்து பார்த்தால் மனிதர்கள் கார்டின் நிறத்தில் தெரிவார்கள். உன் அப்பாவிடம் ஜெபல் அலிக் கம்பெனி கொடுத்த தங்க நிறக் கார்டு இருந்தது. ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி முதலாளி போட்டிருந்த உத்தரவு அப்படி. தங்கக் கார்டைப் பார்த்ததும் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஏகப் பெருமை. எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் பார் என்றார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து நான் தைலம் தேய்த்ததும்தான் முதுகு சரியாயிற்று. அதே வாசலில், கூலிக்கு ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனி மூலமாக வந்த தொழிலாளி கார்டில்லாமல் வந்து நின்றால் ஒரு பெனடால் மாத்திரைப் பட்டையோடு திரும்பிப் போவான். ஒருவனுக்குத் தேவைக்கு மேல், ஒருவனுக்கு ஒன்றுமே இல்லை. டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை, தம்பி. அவர்களுக்கும் மாதக் கடைசியில் வரவுக் கணக்குச் சொல்ல முதலாளியின் அறைக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது.

இதற்குக் கேம்ப் ஆள்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ரூமில் ஒருவனுக்குக் கார்டு இருந்தால் அது ரூமுக்கே கார்டு. குக்கர், இஸ்திரிப் பெட்டி, லீவில் ஊருக்குப் போகிறவன் கட்டிக்கொண்டு போகும் நல்ல வாட்ச், இவை போலக் கார்டும் பொது. அப்போது கார்டில் போட்டோ கிடையாது. அடையாளத்துக்குப் போட்டோ உள்ள லேபர் கார்டைக் கேட்டால் ரூமில் இருக்கிறது என்பார்கள். யாருக்குக் காய்ச்சலோ அவன் அன்றைக்குக் கார்டுக்காரன் பெயரில் வருவான். கருப்பையா என்று ஒருவருடைய ஃபைல் எங்களிடம் இருந்தது. அதன்படி அவருக்குச் சர்க்கரை உண்டு, ஆஸ்துமா உண்டு, படை உண்டு, இரண்டு பல் பிடுங்கியாயிற்று. போன மாதம் வந்த கருப்பையாவைவிட இந்த மாதம் வந்த கருப்பையா ஒரு சாண் உயரம். எனக்குத் தெரியும். ரிசப்ஷனில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். நீ சொன்னாயே மிஸ்யூஸ் என்று, அது சாட்சாத் இதுதான். சரியான காரியம் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து 'நீ கருப்பையா இல்லையே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இப்போது கேட்டாலும் வராது.

அப்படி ஒரு நாள் ஒரு கருப்பையா வயிற்று வலியோடு வந்து, அவருக்குக் குடல்வால் ஆப்பரேஷன் நடந்தது. வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்கிற ஆப்பரேஷன். நான்தான் அப்ரூவல் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பையனை எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக, இனிமேல் கருவாடு சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டான். நீ அப்போது கோயம்புத்தூரில் காலேஜில் இருந்தாய். இந்தக் கருவாட்டுக் கதையைப் போனில் உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். மத்தியானம், நல்ல வெயில் நேரம். கட்டட சைட்டிலிருந்து வந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுவந்தார்கள். கம்பி கட்டுகிறவர். உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கார்டை வாங்கிப் பார்த்தேன், கருப்பையா; சைட்டிலிருந்து நேரே வந்ததால் லேபர் கார்டும் கூட இருந்தது, போட்டோவில் அவரே. நிமிர்ந்து பார்த்தால், வண்டிக்குப் பின்னால் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவருகிறான் எனக்குத் தெரிந்த கருப்பையா. கருவாட்டுக் கருப்பையா. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் கிடப்பவர்தான் கார்டுக்குச் சொந்தக்காரர், உண்மையான கருப்பையா. செருப்போடு நிற்பவன் அவருடைய ரூம்காரன் வேலு, சப்ளை கம்பெனி ஆள். போன வருஷம் வெட்டி எடுத்தது வேலுவின் குடல்வாலை. ஃபைலில் ஏறியது கருப்பையாவின் பெயரில்.

அன்றைக்குப் பணியில் இருந்தவர் ஒரு சூடான்கார டாக்டர். பொறுமையான மனிதர். வலி வலது பக்கம் அடியில் என்றதும் அவருக்கும் முதலில் குடல்வால் சந்தேகம்தான் வந்தது. ஃபைலைத் திறந்தார். அது போன வருஷமே எடுத்தாயிற்று என்று இருந்தது. வயிற்றைப் பார்த்தார். கம்பி கட்டுகிறவர் வயிறு எப்படி இருக்கும், மேலெல்லாம் கம்பி கீறிய சின்னச் சின்னத் தழும்புகள்; அதில் ஆப்பரேஷன் தழும்பு எது என்று யார் பிரித்துப் பார்ப்பது. ஆப்பரேஷன் ஆயிற்றா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். கருப்பையா கண்ணைத் திறக்காமலே ஆயிற்று என்று தலையாட்டினார். கேட்டுக்கொண்டாயா, தம்பி? தன் வயிற்றுக்குள்ளே அழுகிக்கொண்டிருக்கிற ஒன்றை, அது இல்லவே இல்லை என்று சொன்னார். அப்படியானால் கிட்னிக் கல்லாக இருக்கும் என்று டாக்டர் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரூமுக்கு அனுப்பலாம் என்றார்.

நான் வேலுவை மருந்தறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.  காலையிலிருந்தே கருப்பையாண்ணன் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றான். அடுத்தவன் கார்டில் ஆப்பரேஷன் செய்தது தெரிந்தால் இரண்டு பேருக்கும் விசா போய்விடும், ஜெயில்கூட உண்டு என்று கேம்பில் சொல்லியிருக்கிறார்கள். நான் நேராகக் கருப்பையாவிடம் போனேன். குனிந்து காதோரம், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை நெருப்பாகக் கொதித்தது.

"யக்கா, சொல்லிராதீக. அவன் இப்பத்தான் ஏசெண்டு கடனைக் கட்டி முடிக்கப் போறான். வலி தன்னால போயிரும்."

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. என் வாழ்க்கையில் உன்னைக்கூட அப்படித் திட்டியதில்லை. வலி போகாது, உசுருதான் போகும், உங்கள் வீட்டுக்காரிக்கு நான் போன் பண்ணி என்ன சொல்லட்டும் என்று கத்தினேன்.  அவர் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். இவரோடு பேசிப் பயனில்லை என்று டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினேன். இன்னொரு நோயாளிக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன், அந்தக் குடல்வால் கருப்பையாவுக்குள்ளேதான் இருக்கிறது, போன வருஷம் எடுத்தது வேறு ஆளுக்கு என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.  நேரே போய், கருப்பையாவின் வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துச் சட்டென்று கையை எடுத்தார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன் அலறிய அலறல் வெளிவாசல் வரைக்கும் கேட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். எந்த நேரமும் வெடித்துவிடும், உடனே ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டாக்டர்.

அங்கேதான் கதவு சாத்தியிருந்தது. அப்ரூவல் இல்லாமலோ முன்பணம் இல்லாமலோ தியேட்டரைத் திறக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், அந்த நேரத்து ட்ராஃபிக்கில் வழியிலேயே வெடித்தாலும் வெடித்துவிடும் என்று டாக்டர் பயந்தார். நான் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் கேஸ்களை அங்கே ஒரு ஆள் பார்ப்பார். குரல்தான் தெரியும், முகம் தெரியாது. பல வருஷமாக நானும் அவரும் இங்கிலீஷில் சண்டை போட்டிருக்கிறோம். அந்த ஆள் எப்போதும் ஒரே மாதிரிதான் பேசுவார், திரையில் என்ன இருக்கிறதோ அதைப் படிப்பார். அன்றைக்கும் படித்தார். இந்த உறுப்பினருக்கு இந்த உறுப்பு ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, எனவே நிராகரிக்கப்படுகிறது என்றார். இன்னொரு முறை பாருங்கள் என்றேன். இன்னொரு முறை பார்த்துவிட்டு அதையே படித்தார்.  போனைக் கையில் வைத்துக்கொண்டே, என்னை அறியாமல் தமிழில், சாமி, இந்த மனுஷன் செத்துட்டா அப்புறம் யாருக்கு அப்ரூவல் கொடுப்பாங்க என்று சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் அந்தக் குரல் சட்டென்று தமிழுக்கு மாறியது.  

"அக்கா, நீங்கள் தமிழோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் யோகன். இத்தனை வருஷமாக இரண்டு தமிழர்கள் இங்கிலீஷில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்திருக்கிறோம். சிரிக்க நேரமில்லை. என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னார். பொய் சொன்னால் தன்னால் உதவ முடியாது என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு மாறியதை, போன வருஷம் நானே அனுமதி வாங்கியதை, கருப்பையா சத்தியம் வாங்கியதை, எல்லாவற்றையும். சொல்லிமுடித்ததும், இனி மறைக்க ஒன்றுமில்லை என்று மனது லேசாகிவிட்டது. அவர் வழி சொன்னார்.

"ஒருக்கா எடுத்த குடல்வாலை இந்தச் சிஸ்டம் திரும்ப எடுக்க விடாது, அக்கா. ஆனா உயிராபத்து எண்டு டாக்டர் கைப்பட எழுதி அனுப்பினா, சிஸ்டத்தை விட்டுட்டு நான் என்ரை பேரில திறக்கலாம். ஒருத்தரும் செய்யிறேல்லை. ஏனெண்டா பேந்து கேள்வி வரும், உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். வரட்டும். முதல்ல ஆளைப் பாருங்கோ."

டாக்டர் எழுதினார். நான் ஃபேக்ஸ் மெஷினில் தாளை வைத்து, அது உள்ளே போவதற்குள் ஆயிரம் தெய்வத்தைக் கூப்பிட்டேன். அனுமதி வந்தது. தியேட்டர் விளக்கு எரிந்தது. வேலு அந்தச் செருப்பைக் கீழே வைக்கவே இல்லை. வெளியே பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஆப்பரேஷன் முடிந்து டாக்டர் வந்து, நல்ல நேரத்தில் எடுத்துவிட்டோம் என்றதும், நானும் அவனும் கட்டிப்பிடித்து அழுதோம். அவன் வயசுக்கு எனக்குப் பிள்ளை மாதிரி. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை, தம்பி. நீ பிறந்த அன்றைக்கு ஒரு தடவை அப்படி இருந்தது.

யோகன் சொன்னபடியே கேள்வி வந்தது. விசாரணைக்கு ஆள்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வேலு அவர்கள் முன்னால் போய் நின்று, போன வருஷம் வெட்டினது என் வயிறு, கருப்பையாண்ணனை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். ஜெயில் இல்லை. ஆனால் அவன் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பினார்கள். கருப்பையாவின் கார்டைப் பறித்தார்கள். வேலையை அவர் கம்பெனிக்காரன் விட்டுவைத்தான், நல்ல கம்பிக்காரர் என்பதற்காக. என்னைக் காப்பீட்டு மேசையிலிருந்து எடுத்து ரெக்கார்டு அறைக்குள் போட்டார்கள். அப்போது உன்னிடம் புரமோஷன் என்று சொன்னேன், இல்லையா? ஜன்னல் இல்லாத அறைக்குப் புரமோஷன். யோகனுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இப்போது அவர் டொராண்டோவில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் வரும். அங்கே முழங்கால் ஆப்பரேஷனை இலவசமாகத்தான் செய்கிறார்களாம், ஆனால் முறை வருவதற்குள் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று சிரிப்பார். வேலு கத்தாருக்குப் போய் நன்றாக இருக்கிறான். சொந்தக் கார்டு வைத்திருக்கிறான். அதை யாருக்காவது கொடுப்பாயா என்று போனில் கேட்டேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இதில் சிஸ்டம் மீது தப்பே இல்லை, பொய்யான தகவலைப் போட்டது நீங்கள்தானே என்பாய். ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு குடல்வால்தான். ஒரு தடவை எடுத்ததை இன்னொரு தடவை எடுக்க முடியாது. உலகத்தில் யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள், நீயும் அப்படித்தான் எழுத வேண்டும். எழுதியது சரி, பதில் சரி, திரை சரி. எல்லாம் சரியாக இருந்து கருப்பையா செத்திருப்பார். அன்றைக்கு அவரைப் பிழைக்கவைத்தது, சிஸ்டத்தை விட்டுவிட்டு என் பெயரில் திறக்கிறேன் என்று சொல்ல ஒரு ஆளுக்கு இடம் இருந்ததுதான். அந்த இடத்தைத்தான் நீ போய் அடைக்கப் போகிறாய்.

அமெரிக்காவில் கார்டை மாற்றிக் கொடுக்க மாட்டார்கள் என்பாய். இருக்கலாம். ஆனால் பயம் அங்கேயும் இருக்கிறது, நீயே பார்த்துவிட்டு வந்து சொன்னாய். பயந்தவன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்ல மாட்டான். இல்லாததை இருக்கிறது என்பான், இருப்பதை இல்லை என்பான். மாத்திரையைப் பாதியாக உடைக்கிறவர், முழுசாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் டாக்டரிடம் சொல்வார். டாக்டர் அதை எழுதுவார். உன் கம்ப்யூட்டர் அதைப் படித்து, முழு மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை, ஆகவே இந்த மருந்து வேண்டாம் என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு சொல்லும். அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. எல்லாரும் அந்தப் பொத்தானை அமுக்குகிறார்கள் என்று குறைபட்டாயே, எல்லாரும் ஏன் அமுக்குகிறார்கள் என்று யாராவது போய்க் கேட்டார்களா? கேட்கச் சொல்லி உன் மேனேஜரிடம் சொல். நான் சொன்னேன் என்றே சொல், எனக்கென்ன.

நீ கெட்டிக்காரன். மடமடவென்று வேகமாகச் செய், கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடு, பேர் வாங்கு. ஏமாற்றுகிறவனைப் பிடி, பிடிக்க வேண்டியதுதான், அவர்களால்தான் நல்லவனுக்கும் பூட்டு மேல் பூட்டாகப் போடுகிறார்கள். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இப்போதே ஒரு நடை கீழே போய்ச் சேட்டனிடம் மறுபடி சொல்லிவிட்டு வரலாம் போலிருக்கிறது. ஆனால் அந்தப் பொத்தான் விஷயத்தில் மட்டும் இந்த அம்மா சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதே. அம்மா பேச்சைக் கேட்டேன் என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. வேறு ஒருவரைக் கேட்டு முடிவு செய்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை ஏர்போர்ட்டில் விடக் கருப்பையா வருகிறார். கம்பி வேலையை விட்டு, லைசென்ஸ் எடுத்து, இப்போது ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். நீ அமெரிக்கா போகிறாய் என்று சொன்னதும், டாக்சி பிடிக்கக் கூடாது, நான்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். வழியில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாலும் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லாதே. உனக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலை, மீதியைத் தம்பியே சொல்வான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கண்டிப்பாகக் கேட்பார். நீயே சொல். தமிழில் சொல், அவருக்குப் புரிகிற மாதிரி. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வருவதைச் சொல், சந்தோஷப்படுவார். அப்புறம் அந்தப் பொத்தானைப் பற்றியும் சொல். அது எதற்கு இருக்கிறது, அதை ஏன் எடுக்கப் போகிறாய் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல். அதை உன்னால் முழுசாகச் சொல்லி முடிக்க முடிந்தால், போய் எடுத்துவிடு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அப்பா மட்டும் பின்னால் உட்காரட்டும். நீ முன்சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

உன் அம்மா